குஞ்சுக்கு ஐந்து விரல்: கோளாறு சேவலிலா, பெட்டியிலா, தரையிலா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 20 நாட்டுக்கோழியும் கருங்கோழிக் கலப்புள்ள ஒரு சேவலும் உண்டு. ஐஸ் பெட்டியில் பல்பு மாட்டிச் செய்த இன்குபேட்டரில் 40 முட்டை வைத்தேன், காற்றாடி கிடையாது. பெட்டியின் அடியில் வைத்த தெர்மோமீட்டர் 37.8 டிகிரி காட்டியது. 19-ஆம் நாள் இரவே பொரிக்க ஆரம்பித்து 23 குஞ்சு வந்தன. ஐந்து குஞ்சுகளுக்குக் காலில் ஐந்து விரல். இரண்டுக்குப் பொரித்த அன்றே விரல் மடங்கியிருந்தது. இன்று மூன்றாம் நாள், நான்கு குஞ்சு காலைப் பரப்பிக்கொண்டு எழ முடியாமல் கிடக்கின்றன. தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லிதான் காரணமா? சேவலை மாற்ற வேண்டுமா?

பதில்: ஐயா, காலைப் பரப்பிக் கிடக்கும் நான்கையும் முதலில் கவனியுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். ஒரு வாரம் விட்டுவிட்டால் கால் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும், இப்போது திருப்பலாம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை 5 மில்லிமீட்டர் அகலத்தில் நீளமாக வெட்டி, விரலுக்கு மேலே உள்ள செதில் தண்டில் இரண்டு காலையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றுங்கள். நடுவில் சுமார் 2.5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் பாதம் வீங்கும், அதனால் தினமும் பாருங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் எழுந்துவிடும். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வழுக்கும் தாளில் நிற்க முயன்றே கால் அகன்றுபோகும். சொரசொரப்பான ரப்பர் விரிப்போ பழைய துண்டோ போதும்.

மடங்கிய விரலுக்கு, பாதத்தை விட சற்றே பெரிய அட்டைத் துண்டில் விரல்களை நிமிர்த்திப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். குஞ்சின் எலும்பு இளசு, ஓரிரு நாளில் நேராகும். இதற்குப் பெட்டியின் சூடுதான் காரணம் என்று நினைக்கிறேன். 21 நாளில் வர வேண்டிய குஞ்சு 19-ஆம் நாள் இரவே வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். சூடு மிஞ்சினால்தான் அப்படி முந்தும். காற்றாடி இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கும். அடியில் 37.8 காட்டும்போது முட்டையின் உச்சியில் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடவே இருந்திருக்கும். தெர்மோமீட்டரின் முனை முட்டையின் உச்சி மட்டத்தில் இருக்க வேண்டும், அங்கே 38.5 அளவு காட்டினால் சரி. பழைய கணினியின் 12 வோல்ட் காற்றாடி ஒன்றைப் பொருத்திவிட்டால் எங்கு வைத்தாலும் 37.5 தான், தலைவலி தீர்ந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதைப் பெட்டிக்குள் 37.5-க்குச் சூடாக்கினாலும் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் நிற்கும். அதனால் முதல் 18 நாள் தண்ணீர்க் கிண்ணம் பெரும்பாலும் தேவைப்படாது. கடைசி மூன்று நாள் கிண்ணம் வைத்து 65 முதல் 70-க்கு ஏற்றுங்கள். 45 கிராம் முட்டை 18-ஆம் நாள் 40 கிராமுக்கு வந்திருந்தால் ஈரம் சரியாக இருந்தது என்று அர்த்தம்.

இனி ஐந்தாம் விரல். இதில் பெட்டிக்கும் தரைக்கும் பங்கில்லை. அடை வைத்த மூன்றாம் நாள் முட்டைக்குள் கருவின் விலாவில் சின்ன மொட்டாகக் கால் தலைகாட்டும். மொட்டின் விளிம்பில் வயல் வரப்பு மாதிரி ஒரு தோல் மேடு ஓடும். 1948-இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் முட்டை ஓட்டில் சன்னல் திறந்து, சிறகு மொட்டின் இந்த வரப்பை வெட்டிப் பார்த்தார். சீக்கிரம் வெட்டினால் தோள் பக்கத்து எலும்போடு சிறகு நின்றது; தாமதித்து வெட்டினால் நுனி மட்டும் குறைந்தது. நீளம் தோளிலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாக முடிவாகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

விரல் எத்தனை என்பது வேறு கணக்கு. மொட்டின் பின் ஓரத்தில் ஒரு சிறு இடம் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கும் (வீடியோ கேம் முள்ளெலியின் பெயரேதான், வைத்தவர்களுக்கு விளையாட்டு). அந்த இடத்துக்கு அருகே உள்ள விரல் ஒரு வகை, தள்ளி உள்ள விரல் வேறு வகை. பஞ்சு இறகுக் கருங்கோழியில் இந்தப் புரதத்துக்கான மரபணு நன்றாகவே இருக்கிறது. அதை எந்த ஓரத்தில் ஏற்றுவது என்று சொல்லும் டி.என்.ஏ. சுவிட்சில்தான் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் முன் ஓரத்திலும் கொஞ்சம் சுரக்கும், பின்விரலுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி வளைந்த இன்னொரு விரல் முளைக்கும். மூதாதை விலங்குக்கு இருந்த ஐந்தாம் விரல் திரும்பி வந்ததாகச் சிலர் சொல்வார்கள், அது தவறு. கோழி இழந்தது வெளிப்பக்கத்து விரல், இது முளைத்திருப்பது உள்பக்கம். ஐந்து என்ற எண்ணும் ஆதியிலிருந்து இருந்ததல்ல. சுமார் 36.5 கோடி ஆண்டுக்கு முந்தைய அகாந்தோஸ்டேகா என்ற ஆதிகால நான்கு கால் விலங்குக்கு ஒரு காலில் எட்டு விரல்.

செம்பனைக்குள்ளிருந்து வந்து உங்கள் கோழியைத் தூக்கும் மலைப்பாம்புக்கும் இதே சுவிட்ச் உண்டு, ஆனால் பழுதடைந்தது. வாலடியில் இரண்டு நகம் போல நீட்டிக்கொண்டிருப்பது பின்னங்காலின் மிச்சம். 2016-இல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு அங்கே பாம்பினுடையதை வைத்தார்கள். எலிக்குட்டி குட்டைத் தண்டுக் காலோடு பிறந்தது.

களைக்கொல்லி மீது பழி போட இதில் ஆதாரம் இல்லை. விஷம் கருவைத் தாக்கினால் கண், அலகு, வயிறு என்று கண்ட இடத்தில் குறை தெரியும், முட்டைக்குள்ளேயே சாவும் கூடும். ஐந்து குஞ்சுக்கும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விரலைச் செதுக்கி வைக்காது. அதற்காகக் கோழியைப் புதிதாக மருந்தடித்த வரிசைக்குள் மேயவிடலாம் என்று சொல்லவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. மிச்சம் கிடக்கும் பழைய குப்பி எங்காவது இருந்தால் அதை விலக்கி வையுங்கள்.

சேவலின் காலை எண்ணுங்கள். ஐந்து விரல் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. நான்கு இருந்தாலும் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். இந்தக் குணம் ஓங்கு குணம்தான் (தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்), ஆனாலும் சுமக்கும் எல்லாக் கோழியிலும் வெளியே தெரியாது. மாறிய சுவிட்சின் ஒரு பிரதி மட்டும் சுமக்கும் சேவலிடமிருந்து பாதிக் குஞ்சுக்கு அது போகும், காலில் காட்டுவது அதிலும் குறைவு. உங்கள் 23-க்கு 5 அதோடு ஒத்துப்போகிறது. கறிக்கோ முட்டைக்கோ வளர்ப்பதானால் சேவலை மாற்றத் தேவையில்லை. விரல் வேண்டாம் என்றால் சேவலோடு இந்த ஐந்து குஞ்சையும் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்குங்கள். அந்த விரல் தரையைத் தொடாது, நகம் தேயாமல் சுருண்டு சதைக்குள் ஏறும். ஓரிரு மாதத்துக்கு ஒரு முறை நுனியை மட்டும் வெட்டுங்கள்.

பொரிக்காத 17 முட்டையை இன்னும் வீசவில்லை என்றால் உடைத்துப் பாருங்கள். செத்த குஞ்சின் பூமயிர் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தால் தாய்க்கோழிக்கு ரிபோஃப்ளேவின் என்ற பி2 பற்றவில்லை. விரல் மடங்கியதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். மிச்சச் சோறும் தேங்காய்ச் சக்கையும் மட்டும் தின்னும் கோழிக்கு இது வரும். அடுத்த முறை முட்டை சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே முட்டைக்கோழித் தீவனத்தையும் முருங்கைக் கீரையையும் போட ஆரம்பியுங்கள்.