மண் வேலையா என்று தயங்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

"இவ்வளவு படிக்க வைத்துவிட்டு, மூடிப்போன தொழிற்சாலையில் விஷ மண்ணை அள்ளவா அனுப்புவது?" என்று கேட்டிருந்தீர்கள். அதில் இரண்டு பயம் தெரிகிறது. பெண்ணின் உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்பது ஒன்று. நிலைத்து நிற்கிற வேலைதானா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வருகிறேன். மூடிப்போன ஆலைகளின் மண்ணில் தங்கிய விஷத்தை ஆராய்ந்து, அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தும்படி சுத்தம் செய்வதுதான் உங்கள் மகள் விரும்பும் துறை. முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

மண்ணை அள்ளுவது கடைசியில் வருவது. பல இடங்களில் அதற்குத் தேவையே இருக்காது. தொடக்கம் துப்பறிகிற வேலைதான். பழைய வரைபடங்களையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் தேடி எடுப்பார்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேசுவார்கள். எண்ணெய்த் தொட்டி எந்த மூலையில் புதைந்திருந்தது, கழிவை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் துளை போடுவார்கள்.

துளையிலிருந்து வரும் மண், நீளமான உருளையாகத் தட்டில் கிடக்கும். மேலே செங்கல் தூளும் சாம்பலும் கலந்த நிரப்பு மண், அதன் கீழே களிமண், நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு பட்டை. அந்தப் பட்டை எத்தனையாவது மீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்கள் மகள் எழுத வேண்டும். பிறகு மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கை மாறும் ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையெழுத்து. ஒரு லேபிள் மாறினால் அந்த மாதிரியை நம்ப முடியாது. இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பதுதான் மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியம்.

அப்புறம் வருவதுதான் மூளைக்கு வேலை. மண்ணில் விஷம் இருக்கிறது என்பதற்காகவே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. அது மனிதரை வந்து சேர வழி வேண்டும்: தூசியாக, நிலத்தடி நீராக, வீட்டுத் தரை வழியே ஏறும் ஆவியாக. ஈயம் கலந்த மண் கான்கிரீட்டுக்குக் கீழே மூடிக் கிடக்கும்வரை வாகனம் நிறுத்த அந்த இடத்தைக் கொடுக்கலாம். அதே மண் குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருக்கக் கூடாது. குழந்தை கையை வாயில் வைக்கும். யாருக்காக, எந்த அளவுக்குச் சுத்தம் என்று கணக்குப் போட்டு, அதை அங்கே குடியிருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதனால் ரசாயனம் எவ்வளவு தெரிய வேண்டுமோ, அவ்வளவு நன்றாக எழுதவும் பேசவும் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டதற்கு அமெரிக்காவில் லவ் கனால் என்ற இடம் சாட்சி. ரசாயனக் கழிவு புதைத்த நிலம் 1953-ல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் போனது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகளும் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய 1980-ல் அங்கே வந்த 'சூப்பர்ஃபண்ட்' சட்டத்துக்கு இது பெரிய காரணம். இதற்கு நேர்மாறாக, சியாட்டிலில் 1956 வரை ஓடிய எரிவாயு ஆலையின் இடம் 1975-ல் பூங்காவாகத் திறந்தது. அங்கே மண்ணிலிருந்த எண்ணெயைத் தின்ன நுண்ணுயிர்களையே வேலைக்கு வைத்தார்கள். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985-ல் மூடிய இரும்பாலையும் இன்று பூங்கா. எரிவாயுவைச் சேமித்து வைத்த அதன் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூழ்குநீச்சல் பயிற்சி நடக்கிறது. உங்கள் மகளின் மனதில் இருப்பது இப்படிப்பட்ட இடங்கள்தான் என்று நினைக்கிறேன்.

சரி, உடம்புக்கு வருவோம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறையாக நடக்கும் இடத்தில் அது கட்டுக்குள் இருக்கும். அமெரிக்காவில் இத்தகைய களத்தில் முழுநேரம் நிற்பவருக்கு 40 மணி நேரப் பயிற்சி, மேற்பார்வையில் 3 நாள் களவேலை, ஆண்டுதோறும் 8 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம். எந்த ஊரில் சேர்ந்தாலும் அவள் நேர்காணலிலேயே கேட்கட்டும்: பயிற்சி யார் தருவார்கள், முகமூடியும் உடையும் யார் பொறுப்பு, மருத்துவப் பரிசோதனை உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை வேண்டாம்.

வேலை நிலைக்குமா? நிலம் வாங்குவதும் கட்டுவதும் மந்தமானால் இங்கேயும் மந்தமாகும். அதனால்தான் இளநிலையிலேயே குறுகலான பெயருள்ள படிப்பில் சேர வேண்டாம் என்கிறேன். சிவில், கெமிக்கல், நிலவியல் (ஜியாலஜி), நுண்ணுயிரியல் இவற்றில் ஒன்று அடித்தளமாக இருக்கட்டும். நிலத்தடி நீரையும் புள்ளியியலையும் விடாமல் படிக்கட்டும். சிறப்புப் படிப்பு முதுநிலையில் போதும். இந்தத் துறை தளர்ந்தாலும் குடிநீர், கழிவுநீர், குப்பைக் கிடங்கு என்று மாறிக்கொள்ள முடியும். என்னைக் கேட்டால் நிலவியல். தண்ணீர் மண்ணுக்குள் எங்கே போகும் என்று தெரிந்தவரைத் தேடாத குழு கிடையாது.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை கொடுங்கள். ஏதாவது ஒரு பழைய ஆலையை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உள்ளே போகக் கூடாது, வெளியிலிருந்துதான். பழைய வரைபடங்களைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் பேசி, அங்கே என்ன செய்தார்கள், மண்ணில் என்ன தங்கியிருக்கலாம், முதல் துளையை எங்கே போடுவாள் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். நீங்களும் அவசியம் வர வேண்டும்.