ஹோலஷோவிட்சே: அரை நாள் ஒதுக்கலாமா?

செக் நாட்டில் செஸ்கே புடெயோவிட்சேயில் தங்குகிறீர்கள், அரை நாள் மிச்சம் இருக்கிறது, "ஒரே மாதிரி வீடுகள்தானே, ஹோலஷோவிட்சே போகணுமா?" என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். அந்தக் கிராமம் நீங்கள் தங்கும் நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர்தான். திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

நடுவில் புல்திடல், குளம், சின்ன தேவாலயம். சுற்றிலும் வீடுகள் திடலைப் பார்த்தபடி நிற்கும். வளைந்து நெளிந்த அவற்றின் முகப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பூ வேலை, நிறம், கட்டிய ஆண்டு எல்லாமே வீட்டுக்கு வீடு மாறும். பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு வேலை.

ஊர் அதைவிடப் பழையது. 1263லேயே ஏட்டில் இருக்கிறது. 1292 முதல் 1848 வரை விஷ்ஷீ ப்ரோட் என்ற கிறித்தவத் துறவியர் மடத்தின் சொத்தாக இருந்தது. 1520களில் கொள்ளைநோய் வந்து இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். அப்புறம் பவேரியா, ஆஸ்திரியாவிலிருந்து ஆட்கள் குடியேறி, ஜெர்மன் பேசும் ஊரானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், பல வீடுகள் காலியாகக் கிடந்தன. யாரும் இடித்துக் கட்டாததால்தான் பழைய அமைப்பு அப்படியே தப்பியது. 1998இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அந்த அழகுக்குப் பின்னால் இருக்கும் இழப்பையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வீடுகளில் இப்போதும் மக்கள் வாழ்கிறார்கள். கேட்காமல் முற்றத்துக்குள் நுழைய வேண்டாம்.