தும்மினால் கசியும் சிறுநீர்: ஸ்லிங் வைத்துக்கொண்ட பிறகு என்ன ஆகும்?

"தும்மினாலே புடவை நனைந்துவிடுகிறது. ஸ்லிங் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் பின்னால் தொல்லை வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். எனக்கே வந்தது. ஆனாலும் செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை.

சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் தூளி கட்டியதுபோல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வலை நாடாவை வைப்பதுதான் ஸ்லிங். அரை மணி நேர வேலை என்றார் மருத்துவர், அப்படியே முடிந்தது. சிறுநீர் போக வைத்திருந்த ட்யூபை மறுநாள் எடுத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை! ஐந்து வருடம் அடக்க முடியாமல் தவித்தவள், அன்று போக முடியாமல் அழுதேன். மறுபடியும் ட்யூப், பத்து நாள். பிறகு தானாகவே வழிக்கு வந்தது. சிலருக்கு அப்படி வராது. நாடாவைத் தளர்த்தவோ வெட்டவோ நேரும். வெட்டினால் பழைய கசிவு திரும்பலாம்.

நாடாவை வைக்க, முன்பக்க இடுப்பெலும்புக்குப் பின்னால் ஊசியைச் செலுத்தும் முறையில் சிறுநீர்ப்பையில் துளை விழக்கூடும். அதனால்தான் மேசையிலேயே கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். அப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆறிவிடும். தொடை வழியாகச் செலுத்தினால் அந்த ஆபத்து குறைவு, தொடை இடுக்கு வலி அதிகம். நான் அதிகம் பயந்தது வேறொன்றுக்கு: வருடங்கள் கழித்தும் வலை பிறப்புறுப்புச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தலைகாட்டலாம். இரத்தக்கசிவு, உடலுறவில் வலி எல்லாம் அதனால் வரும். சதை வலைக்குள் வளர்ந்துவிடுவதால் முழுவதுமாக எடுப்பது எளிதல்ல. இத்தகைய புகார்கள் குவிந்துதான் 2018இல் இங்கிலாந்தில் இந்த நாடாவின் பயன்பாட்டை நிறுத்திவைத்தார்கள். வலை வேண்டாம் என்றால், உங்கள் வயிற்றுத் தசையுறையிலிருந்தே பட்டை எடுத்து வைக்கும் முறையும் உண்டு. தழும்பு பெரிது, சிறுநீர் பிரியாமல் சிரமப்படுவதும் அதில் உண்டு.

பலன்? 2010இல் வெளியான, 597 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு ஊசி வழிகளிலுமே நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேருக்குப் பலன் கிடைத்திருந்தது. ஆனால் யார் கணக்கில் பலன் என்று கேளுங்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு இருமல் கசிவு அடியோடு நின்றது. ஆனால் திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குள் நுழைவதற்குள் போய்விடும் தொல்லை அவருக்கு முன்பே இருந்தது. அது அப்படியே இருக்கிறது. மருத்துவர் வெற்றி என்கிறார், அந்த அம்மா "காசும் போச்சு" என்கிறார். அந்த அவசரக் கசிவுக்கு மருந்தும் பயிற்சியும்தான் முதல் வழி, நாடா அல்ல. முன்பு இல்லாதவர்களுக்கு நாடாவுக்குப் பிறகு அது புதிதாக வருவதும் உண்டு.

ஆகவே உங்களுக்கு இருப்பது எந்தக் கசிவு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடுப்புத்தளப் பயிற்சியை, அதாவது சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவதை, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள் (நான் செய்ததாகப் பொய் சொன்னேன்). இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். தேதி குறிக்கும் முன், "இந்த நாடாவை எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்கள்?" என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.