மெத்திலீன் புளூவோடு நின்றுவிடாத ஆய்வகமாகப் பாருங்கள்

ஐயா, வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த உங்கள் மகள், சாயக்கழிவை ஒளியால் சிதைக்கும் நுண்துளை நானோ பொருட்களில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள், இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். திருப்பூர் சாயப்பட்டறையில் காலம் தள்ளியவர் நீங்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்.

படிப்பு நல்ல படிப்பு. டைட்டானியம் டை ஆக்சைடு மேல் புற ஊதாக் கதிர் பட்டால், தண்ணீரிலும் ஆக்சிஜனிலும் இருந்து வீரியமான பொருட்கள் உண்டாகி, சாயத்தை உடைக்கும். பொருளில் நுண்துளைகள் இருந்தால் ஒரே கிராமில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும்; சாயம் வந்து ஒட்ட அவ்வளவு இடம். இப்படி நுண்துளைகள் நிறைந்த ஒரு வகையான உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்குத்தான் (உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைத்துக் கட்டும் கூடுகள்) 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் பல ஆய்வகங்களில் நடப்பது என்ன? காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கரைத்து, விளக்கொளியில் வைத்து, நீலம் மறைந்ததும் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு எவ்வளவு உப்பும் சோடாவும் கொட்டுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தக் குளோரைடும் கார்பனேட்டும் வினையைப் பாதியிலேயே மட்டுப்படுத்திவிடும். நிறம் போனாலும் மூலக்கூறின் துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கலாம்.

அதனால் மகள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதையெல்லாம் கேட்கட்டும்: பட்டறைக் கழிவுநீரில் சோதித்ததுண்டா? நிறம் மட்டுமல்லாமல், தண்ணீரில் உள்ள மொத்தக் கரிம அளவும் குறைகிறதா என்று பார்க்கிறீர்களா? சாயத்தை உடைக்கப் போட்ட நானோ தூளைத் தண்ணீரிலிருந்து எப்படித் திரும்ப எடுக்கிறீர்கள்? அப்புறம், முன்னால் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே சேர வேண்டாம்.

வேலை விஷயம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும்தான் சுத்திகரிப்பைத் தாங்குகின்றன. ஒளிபட்டுச் சாயத்தை உடைக்கும் இந்த ஒளிவினையூக்கி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. எனவே மகளுக்குச் சோறு போடப்போவது அவள் செய்யும் தூள் அல்ல. கழிவுநீர்ப் பகுப்பாய்வும் கருவி அனுபவமும்தான். சுத்திகரிப்பு நிலையம், ஜவுளி ரசாயன நிறுவனம், பரிசோதனைக் கூடம், கல்லூரி என்று போக வழி உண்டு.

பணத்தில் மட்டும் நான் கறார். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. "சேர்ந்துகொள், பிறகு ஏதாவது உதவித்தொகை வரும்" என்ற பேச்சை நம்பிச் சேர்க்காதீர்கள். ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, நெட்டுக்குப் படிக்கட்டும்.

அந்த வருடத்தில் ஒருநாள் மகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். சாயத்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு சூடாக, எவ்வளவு உப்பாக இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள். பேராசிரியரிடம் என்ன கேட்பது என்று அப்போது அவளுக்கே தெரியும்.