ராசியில்லாத கை என்று ஒன்று உண்டா?

கேள்வி: நானும் என் அண்ணனும் ஒரே படிப்புப் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவர் தொடங்கிய தொழில் இருபது ஆண்டுகளில் பெருஞ்செல்வமாக வளர்ந்துவிட்டது. நான் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, சேமித்ததை எல்லாம் போட்டு அதே தொழிலைத் தொடங்கினேன். தொடங்கிய ஆண்டிலேயே விலை சரிந்தது, கடனோடு மூடினேன். அண்ணனுக்கு ராசியான கை, எனக்கு ராசியில்லை என்று உறவினர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இப்போது அண்ணன் என்னைத் தன் தொழிலில் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். என் துரதிர்ஷ்டம் அவரையும் பிடித்துக்கொள்ளுமோ என்று அஞ்சி, ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். அதிர்ஷ்டமும் செல்வமும் ஒன்றுதானா? பழைய நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, அதிர்ஷ்டமும் செல்வமும் ஒன்றுதானா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதற்குள்ளேயே முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தின் 'ஃபார்ச்சூன்' நல்வாய்ப்பையும் குறிக்கும், திரண்ட சொத்தையும் குறிக்கும். அதன் மூலமான லத்தீன் சொல் ஒருமையில் வாய்ப்பையும் அதற்குரிய தெய்வத்தையும் குறிக்க, அதன் பன்மை உடைமைகளைக் குறித்தது. தமிழில் 'திரு' என்ற சொல் செல்வத்துக்கும் பேற்றுக்கும் திருமகளுக்கும் பொதுவாக நிற்கிறது. 'அதிர்ஷ்டம்' இவற்றிலிருந்து சற்று விலகிய சொல்; வடமொழியில் அதற்குக் 'காணப்படாதது' என்பதே பொருள். நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லவில்லை; கண்ணில் படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒருவரிடம் சேர்ந்த செல்வம் எல்லார் கண்ணிலும் படுகிறது, அது வந்த வழி படுவதில்லை. படாத அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது இந்தச் சொல் கைகொடுத்தது. நாளடைவில் செல்வம் இருப்பதே அதிர்ஷ்டத்துக்குச் சான்றாகவும், அதிர்ஷ்டமே செல்வத்துக்குக் காரணமாகவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கத் தொடங்கின. உங்கள் உறவினர்களின் தீர்ப்பும் இந்த வட்டத்துக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதிர்ஷ்டத்தை ஒருவருடைய உடலோடு ஒட்டிய குணமாகக் கருதுவது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. பழைய ரோமில் அது அரசியல் தகுதியாகவே மதிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியான சுல்லா, 'ஃபெலிக்ஸ்', அதாவது நற்பேறு பெற்றவன், என்பதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். கி.மு. 66-ல், ரோமின் எதிரியான மித்ரடேட்டஸ் அரசனுக்கு எதிரான போரின் தலைமையைப் பாம்பே என்ற ரோமத் தளபதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பேசிய வழக்கறிஞர் சிசெரோ, சிறந்த படைத்தலைவனுக்கு வேண்டிய நான்கு தகுதிகளை அடுக்கினார்: போர் அறிவு, ஆற்றல், செல்வாக்கு, நற்பேறு. நான்காவதைப் பற்றி அடக்கத்தோடும் சுருக்கமாகவும்தான் பேச வேண்டும் என்று அவரே ஒரு முன்னெச்சரிக்கையும் சேர்த்துக்கொண்டார். தேர்ந்த வழக்கறிஞர் அல்லவா. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 48-ல், சீசரிடம் தோற்ற பாம்பே எகிப்தில் அடைக்கலம் தேடிப் போனார். அவரைக் கரைக்கு அழைத்துப்போக ஒரு சிறு படகு வந்தது; அதில் வந்தவர்களில் ஒருவர் முன்பு அவருக்குக் கீழ் போரிட்டவர். கரை வந்ததும் இறங்குவதற்காக எழுந்தவரை முதுகில் குத்திக் கொன்றார்கள். கப்பலிலிருந்து மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சிசெரோவின் பட்டியலில் இருந்த மற்ற மூன்று தகுதிகளும் அன்று காலையிலும் பாம்பேயிடம் ஏறத்தாழ அப்படியே இருந்தன. நான்காவது மட்டும் அவருடையதாக என்றுமே இருந்ததில்லை. ஒரு காலம் வரையில் நிகழ்ந்தவற்றுக்கு இட்ட பெயராகவே அது இருந்திருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் இந்த வேறுபாட்டை ஓர் உரையாடலாகவே எழுதியிருக்கிறார். லிடியாவின் அரசன் குரோசஸ் தன் கருவூலங்களை ஏதென்ஸின் அறிஞர் சோலோனுக்குச் சுற்றிக் காட்டச் செய்துவிட்டு, உலகிலேயே பேறு பெற்றவன் யார் என்று கேட்கிறான். ஒருவன் இறந்து முடியும் வரையில் அவனைப் பேறு பெற்றவன் என்று சொல்லாதே, அதிர்ஷ்டக்காரன் என்று மட்டும் சொல் என்பது சோலோனின் விடை. இருவரும் சந்தித்திருக்கக் காலக்கணக்கு இடம் தராது என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். ஆனாலும் இரண்டு சொற்களையும் இவ்வளவு கறாராகப் பிரித்து வைத்ததற்காகவே அந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

செல்வத்தைச் சக்கரமாகப் பார்ப்பதிலும் இரண்டு விதம் உண்டு. ரோமின் உயர் பதவிகளில் இருந்து, பின் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த பொயத்தியஸ், கி.பி. 524-ஐ ஒட்டி எழுதிய நூலில் அதிர்ஷ்ட தேவதையையே பேச வைக்கிறார்: என் சக்கரத்தைச் சுழற்றுவது என் விளையாட்டு, விரும்பினால் ஏறிக்கொள், ஆனால் ஆட்டத்தின் விதிப்படி கீழே வரும்போது உனக்கு அநீதி நடந்துவிட்டதாகச் சொல்லாதே. நாலடியாரின் சக்கரம் வண்டிச் சக்கரம். "அகடுற யார்மாட்டும் நில்லாது செல்வம் சகடக்கால் போல வரும்" என்பது அந்தப் பாட்டின் பிற்பாதி. பொயத்தியஸின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது; சகடக்கால் சுழன்றுகொண்டே முன்னேறுகிறது. அதைச் சுழற்றி வேடிக்கை பார்க்கும் தேவதையும் அங்கே இல்லை. பாட்டின் முற்பாதி, பகடு நடந்து விளைத்த கூழைப் பலரோடு சேர்ந்து உண்ணச் சொல்கிறது. எருதின் உழைப்பால் வந்த செல்வமும் உருண்டு போகக்கூடியதுதான் என்பதில் அந்தப் புலவருக்கு ஐயம் இல்லை; அதற்காக உழைப்பை அவர் குறைத்துப் பேசவும் இல்லை.

இனி, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். ஊழைப் பற்றித் திருவள்ளுவர் சொன்னதை ஒரே குறளில் முடித்துவிட முடியாது. "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்டவரும் அவரே, "ஊழையும் உப்பக்கம் காண்பர்", அதாவது ஊழையும் தோற்றோடச் செய்வர், என்று பின்னர் எழுதியவரும் அவரே. மேடைக்குத் தகுந்தபடி இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வீசுகிறவர்கள் அந்த நூலுக்கு நியாயம் செய்வதில்லை. ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் முடிவில், பொருட்பால் தொடங்குவதற்குச் சற்று முன் வைக்கப்பட்டிருக்கிறது. பொருளைப் பேசப் புகுமுன் வாசலில் நிறுத்திச் சொல்லும் எச்சரிக்கையாகவே அதை நான் படிக்கிறேன். அங்கேதான் "இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளியர் ஆதலும் வேறு" என்ற குறள் வருகிறது. செல்வம் சேர்வது ஒன்று, தெளிந்த அறிவு உடையவராவது வேறொன்று. இதிலிருந்து அதைக் கணக்கிட முடியாது. பொருட்பாலில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், பொறி, அதாவது நல்லூழ், இல்லாமை யாருக்கும் பழியன்று என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். உங்கள் உறவினர்களுக்குச் சொல்ல வேறு விடை தேட வேண்டியதில்லை.

ஆனால் ஊழ் அதிகாரத்தின் முதல் குறள் உங்களுக்குச் சற்றுக் கடினமானது. "ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி." பொருள் சேர வேண்டிய ஊழ், ஒருவனிடம் சோர்வில்லாத முயற்சியாகத் தோன்றும், பொருள் போக வேண்டிய ஊழ், மடியாக, அதாவது சோம்பலாகத் தோன்றும். விலைச் சரிவையோ கடனையோ வள்ளுவர் போகூழின் அடையாளமாகக் காட்டவில்லை. மடி ஒன்றைத்தான் காட்டுகிறார். தொழில் தொடங்கி, சரிவைத் தாங்கி, கடனோடு மூடிய உங்கள் கதையில் மடி எங்கும் தென்படவில்லை. ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் அதன் நிழல் விழுகிறது. கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்று வள்ளுவர் எண்ணிச் சொல்லும் நான்கில் முதலாவது 'நெடுநீர்', அதாவது காலம் கடத்துதல். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை மற்ற விஷயங்களில் தேற்றிவிட்டு இதை மறைப்பது முறையாகாது.

முயற்சி இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இத்தாலியப் படைத்தலைவர் சீசர் போர்ஜியாவைப் பற்றி அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி 'இளவரசன்' என்ற நூலில் எழுதியிருப்பதை இங்கே நினைவுகூர்கிறேன். தன் தந்தையான போப் ஆறாம் அலெக்சாண்டர் இறந்தால் என்னென்ன நேரக்கூடும் என்று போர்ஜியா முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் வழி கண்டு வைத்திருந்தார். 1503-ல் தந்தை இறந்த வேளையில் தானும் நோயில் விழுந்து சாகக் கிடக்க நேரும் என்பது ஒன்றைத்தான் அவர் யோசித்திருக்கவில்லை. இதை அவரே தம்மிடம் சொன்னதாக மாக்கியவெல்லி குறிப்பிடுகிறார். மாக்கியவெல்லி தாமே பதவி பறிபோய், சிறைப்பட்டு, சித்திரவதைக்கும் ஆளான பிறகு எழுதிய அதே நூலில்தான், நம் செயல்களில் பாதியை வாய்ப்பு ஆள்கிறது, மறுபாதியையோ அதற்குச் சற்றுக் குறைவானதையோ நம்மிடம் விட்டுவைக்கிறது என்றும் அவர் எழுதினார். வாய்ப்பை அவர் வெள்ளப்பெருக்கெடுக்கும் ஆறாகக் கண்டார். கரையும் அணையும் எழுப்பாத இடத்தில்தான் அது தன் வலிமையைக் காட்டும்.

அண்ணன் தொழிலில் அந்தக் கரை எது என்பதே நீங்கள் விசாரித்து அறிய வேண்டிய செய்தி. விலை சரிந்தபோது அவரும் அதே தொழிலில்தான் இருந்தார். அவருக்கு முந்தைய ஆண்டுகளின் இருப்பு இருந்திருக்கும். உங்களிடம் இருந்ததை முழுவதும் நீங்கள் முதலாகப் போட்டிருந்தீர்கள். கையில் பொருள் வைத்துக்கொண்டு ஒரு வினையில் இறங்குவதை, குன்றின் மேல் ஏறி நின்று யானைப்போர் பார்ப்பதற்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். நீங்கள் அதே போரைத் தரையில் நின்று சந்தித்தீர்கள். இதற்கு ராசி என்று பெயர் வைத்தால், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

பங்குதாரராகச் சேர்வதா வேண்டாமா என்பதை உங்கள் கைராசியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களிடமிருந்து அவர் எதிர்பார்ப்பது உழைப்பா, முதலா, நம்பிக்கைக்குரிய ஓர் ஆளா. லாபம் எப்படிப் பிரியும், நட்டம் எப்படிப் பிரியும். பழைய கடனை என்ன செய்வது: இவற்றைப் பேசி, உடன்பிறந்தவர்கள்தானே என்று விட்டுவிடாமல், எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை விலை சரிந்த ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டை எப்படிக் கடந்தார் என்று அண்ணனிடம் கேளுங்கள். அவர் விடை சொல்லும்போது அந்த ஆண்டின் வரவு செலவு உங்கள் இருவர் முன்னும் விரித்து வைக்கப்பட்டிருக்கட்டும்.