டிபிஎஃப் விளக்கு ஓயாமல் எரிகிறது: இடித்து எடுத்துவிடலாமா?

கேள்வி: திண்டுக்கல் டவுனுக்குள் கடை கடையாக மளிகைச் சரக்கு இறக்க 2021 மாடல் பிஎஸ்6 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்கூட ஓடாது. மாதம் இரண்டு மூன்று தடவை டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறது, இழுவையும் விழுந்துவிடுகிறது. உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சட்டம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் வண்டியில் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் டிபிஎஃப் இல்லை என்பது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 புகை விதி வந்தபோது, சிறு சரக்கு வண்டிகளில் கனமான வகைக்குத் துகள் புகையின் வரம்பு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. இஞ்சினை மட்டும் சீராக்கி இந்த அளவைத் தொட முடியாது என்பதால்தான் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் வந்து உட்கார்ந்தது. தேன்கூடு மாதிரியான பீங்கான் அது. ஒரு துளைக்கு முன்பக்கம் அடைப்பு, அடுத்த துளைக்குப் பின்பக்கம் அடைப்பு. புகை சுவர் வழியே கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி உள்ளேயே தங்கும். தங்கிய கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு டிபிஎஃப் சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். அந்தச் சூட்டுக்காக இஞ்சின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும்.

இங்கேதான் உங்கள் ஓட்டம் இடிக்கிறது. நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்தி, அரை மணி நேரம் சரக்கு இறக்கி, மறுபடி இரண்டு கிலோமீட்டர். எரிப்பு தொடங்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நின்றால் கரி அப்படியே இருக்கும். தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். நாளைக் காலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் ஊற்றாமலேயே அளவு மேல்கோட்டைத் தாண்டி, தொட்டால் தண்ணியாக, டீசல் வாடை அடித்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள். டர்போவும் பேரிங்கும் போவது இப்படித்தான். பழி மட்டும் டிபிஎஃப் மேல் விழும்.

விளக்கு அணையாமல் நிலையாக எரிந்தால் செய்ய வேண்டியது இதுதான். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல வண்டிகளில் எரிப்பே தொடங்காது. மதுரை நான்குவழிச் சாலையில் ஏறி, கொடைரோடு பக்கம் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். (சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பிவிடலாம்.) வேகம் 60 முதல் 70, ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்பிஎம். வண்டிக்கு வண்டி இந்த அளவு கொஞ்சம் மாறும், கையேட்டில் போட்டிருப்பதே முடிவு. விளக்கு அணைந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டினால் விளக்கு எரிவதே அபூர்வமாகிவிடும். டீசல் செலவு கணக்குப் பார்ப்பவர்கள் வெளியூர் லோடு ஒன்றை அந்த நாளுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே எரிக்கும் சுவிட்ச் உங்கள் வண்டியில் இருந்தால், வைக்கோல், காய்ந்த சருகு, சாக்கு எதுவும் அடியில் இல்லாத வெறும் தரையில் நிறுத்தி அழுத்துங்கள். சைலன்சர் அந்த நேரம் தீப்பெட்டிக்குச் சமம்.

விளக்கு மினுக்கினாலோ, அதோடு இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ ஓட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். கரி அளவு மீறிச் சேர்ந்த பிறகு தீப்பிடித்தால் பீங்கான் உருகி விரிசல் விடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரோடு இருப்பவரிடம்தான் போக வேண்டும்.

வாரம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஓட்டியும் விளக்கு திரும்பத் திரும்ப வந்தால், வேறெங்கோ கோளாறு. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் இருந்து அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு சிறு ஹோஸ்களைப் பாருங்கள். வெடித்திருந்தாலோ உள்ளே கரி அடைத்திருந்தாலோ சென்சார் பொய் சொல்லும். இக்னிஷன் ஆன், இஞ்சின் ஆஃப் நிலையில் ஸ்கேனரில் அழுத்த வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்ற வேண்டியது சென்சார். அடுத்து இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்: கிளிப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் காற்று கசிகிறது, காற்று குறைந்தால் கரி கூடும். அதன் பிறகு ஏர் ஃபில்டர், மூடாமல் சிக்கிய ஈஜிஆர் வால்வ் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இஞ்சினுக்குள் விடுவது), சொட்டும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ. இதில் எதையும் பார்க்காமல் டிபிஎஃப்பைக் கழற்றுகிறவர், காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிறவர்.

ஆயிலையும் சொல்லிவிட வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஆயிலில் உள்ள சேர்மங்களிலிருந்து வருகிறது. எனவே கையேட்டில் சொல்லியிருக்கும் சாம்பல் குறைந்த ரகத்தையே ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கி மிஞ்சிய கேனை இதில் காலி செய்யாதீர்கள். டீசலும் அப்படியே: பிஎஸ்6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். மண்ணெண்ணெய் கலந்த மலிவுச் சரக்கு, பெட்ரோல் பங்க்கில் மிச்சமாகும் காசை சைலன்சரில் வாங்கிவிடும். பல ஆண்டுகள் ஓடிச் சாம்பல் நிறைந்த பிறகு டிபிஎஃப்பைக் கழற்றி அதற்கான கருவியில் சுத்தம் செய்யலாம். ஆசிட் ஊற்றுவதும் கம்பி விட்டுக் குத்துவதும் பீங்கானைக் கொன்றுவிடும்.

சரி, எடுத்தே விட்டால்? அழுத்த வித்தியாசம் போய்விடும், இஞ்சின் கம்ப்யூட்டர் உடனே பிழை காட்டும். அதை மறைக்கத்தான் சாஃப்ட்வேரை மாற்றுகிறார்கள். யாரோ எழுதிய ஃபைல் அது; பிறகு இன்ஜெக்டர் மாற்றினாலும் சென்சார் மாற்றினாலும் கம்பெனி சர்வீஸில் பிடிகொடுக்காது. வாரன்டி மிச்சமிருந்தால் அதுவும் போச்சு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு உரிமையாளர் மீதே பாயும்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை. மெக்கானிக் பெயர் எந்தச் சலானிலும் வராது.

பிஎஸ்4 வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிஎஸ்6 வந்ததற்காக அதில் டிபிஎஃப் பொருத்தச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எந்த விதிப்படி தயாரானதோ அந்த விதிப்படிதான் அதற்குப் புகைச் சோதனை. வருடம் ஒரு முறை சான்றிதழும், உரிய காலத்தில் எஃப்சியும் (தகுதிச் சான்று) எடுத்தால் சரி.

உங்கள் மெக்கானிக்கிடம் நாளை மூன்று எண்ணை மட்டும் கேளுங்கள்: ஸ்கேனரில் சூட் லோடு (சேர்ந்த கரி) எவ்வளவு, ஆஷ் லோடு (சேர்ந்த சாம்பல்) எவ்வளவு, கடைசியாக முழுதாக எரிப்பு முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது. பதில் சொல்ல அவரிடம் ஸ்கேனர் இல்லையென்றால், வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோங்கள்.