கசாய் ஆபரேஷன் பண்ணின குழந்தைக்கு லிவர் மாத்தறது ஆபத்தா?

கேள்வி: என் பொண்ணுக்கு பிறந்ததுலேர்ந்தே மஞ்சள், மலம் வெள்ளையா போச்சு. பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தக்குழாய் அடைச்சுப்போற நோய்னு சொல்லி 70-வது நாள் கசாய் ஆபரேஷன் (குடலை மேல கொண்டுபோய் லிவரோட தைச்சு பித்தம் வடிய வழி பண்றது) பண்ணாங்க, மஞ்சள் இறங்கவே இல்ல. இப்ப 9 மாசம், லிவர் மாத்தணுங்கறாங்க. ஒருதடவை வயித்தைத் திறந்த குழந்தை தாங்காது, அப்பவே நேரா லிவர் மாத்தியிருக்கணும்னு சொந்தக்காரங்க பேசறாங்க. தப்பு பண்ணிட்டோமா டாக்டர்?
- ஒரு தாய், திருச்சி

பதில்: இல்லம்மா, நீங்க செஞ்சதுதான் சரி. ரெண்டு மாசக் குழந்தைக்கு லிவர் மாத்தறது ரொம்பக் கஷ்டம், ரத்தக்குழாய் எல்லாம் அவ்ளோ சின்னது. கசாய் நல்லா வேலை செஞ்சு சொந்த லிவரோடவே பெரியவங்களானவங்களும் இருக்காங்க, அந்த வாய்ப்பை யாரும் விடக்கூடாது. உங்க பொண்ணுக்கு அது பலிக்கல, ஆனாலும் வளர கொஞ்சம் டைம் கிடைச்சிருக்கு.

சொந்தக்காரங்க பயத்துக்கும் காரணம் இருக்கு. 1963-ல டென்வர்ல தாமஸ் ஸ்டார்ஸல் உலகத்துலயே முதல்முறையா லிவர் மாத்தினது இதே நோய் இருந்த மூணு வயசுப் பையனுக்குத்தான், முன்னாடி பண்ணின ஆபரேஷன் தழும்புக்குள்ள லிவர் புதைஞ்சு கிடந்துச்சு, ரத்தத்தை நிறுத்த முடியாம பையன் டேபிள்லயே இறந்துட்டான். இன்னைக்கும் குடலும் லிவரும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், அதைப் பொறுமையா பிரிச்சு எடுக்கணும், அதனால நேரம் கூடும், ரத்தம் கூட ஏத்த வேண்டியிருக்கலாம், பிரிக்கும்போது குடல்ல ஓட்டை விழற ஆபத்தும் உண்டு. சில சமயம் அந்த ஓட்டை சில நாள் கழிச்சுத்தான் தெரியவரும், புது லிவரை உடம்பு ஒதுக்காம இருக்க ஸ்டீராய்டு போடறதால வலியும் காய்ச்சலும் சரியா காட்டாது, வயிறு உப்பினாலே டாக்டர்ட்ட சொல்லிடுங்க. ஆனா மாத்தினதுக்கப்புறம் உயிர் பிழைக்கறதுல, கசாய் பண்ணின குழந்தைக்கும் பண்ணாத குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்லுது. இன்னொண்ணு, கசாய்ல மேல கொண்டுபோய் தைச்ச குடல் லூப் வீணாகாது, பெரும்பாலும் புது லிவரோட பித்தக்குழாயை அதுலயேதான் தைப்பாங்க. கசாயையே ரெண்டாவது தடவை பண்றதுதான் ஒட்டலை இன்னும் ஜாஸ்தியாக்கும், அதை யாராவது சொன்னா நல்லா யோசிங்க.

நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை ஒண்ணுக்கு இதே நோய்தான். 1998-ல டெல்லியில அப்பாவோட லிவர்ல ஒரு பகுதியை எடுத்து வச்சாங்க, இந்தியாவுல குழந்தைக்கு வெற்றிகரமா நடந்த முதல் லிவர் மாற்று அதுதான், அந்தக் குழந்தை இப்ப டாக்டர்!

முதல் வேலையா, கசாய் பண்ணின ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்ல, ஆபரேஷன் நோட்ஸையும் கேட்டு வாங்கிடுங்க. லூப் எவ்ளோ நீளம், எந்தப் பக்கமா போகுது, ரத்தக்குழாய் அமைப்புல வித்தியாசம் இருந்துச்சான்னு சர்ஜன் அதைப் பார்த்துதான் பிளான் பண்ணுவார். வெயிட் ஏறணும், எம்சிடி எண்ணெய் (பித்தம் கம்மியா இருந்தாலும் உடம்புல சேர்ற கொழுப்பு), ஏ டி ஈ கே வைட்டமின் எதையும் விட்டுடாதீங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி), சின்னம்மை ஊசியெல்லாம் முன்னாடியே போட முடியுமான்னும் கேளுங்க, மாத்தின பிறகு உயிருள்ள தடுப்பூசியை பொதுவா போட மாட்டாங்க.